பள்ளிச் சுற்றுலா ரத்தாகிவிட்டதா? கட்டிய பணத்தைத் திரும்ப வாங்குவது எப்படி

சுற்றுலா ரத்து என்று பள்ளியிலிருந்து செய்தி வந்த அன்று பிள்ளை அழும், புதுத் துணி, புதுப் பை எல்லாம் எடுத்து வைத்திருக்கும், அதைத் தேற்றுவதிலேயே நமக்கு இரண்டு நாள் ஓடிவிடும். மூன்றாவது நாள்தான் "சரி, கட்டின பணம் என்ன ஆச்சு?" என்று தோன்றும். முதல்முறையாக இந்தச் சிக்கலில் மாட்டியிருக்கும் பெற்றோருக்காக இதை எழுதுகிறேன். தமிழ்நாட்டுத் தனியார் பள்ளிகளை மனதில் வைத்துத்தான் எழுதுகிறேன், சட்டம் பற்றிச் சொல்வதில் பெரும்பகுதி மற்ற மாநிலங்களுக்கும் பொருந்தும்.

எங்கள் கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன், பின்னால் கணக்குப் பார்க்க உதவும். மகள் ஏழாம் வகுப்பு. ஈரோட்டிலிருந்து மைசூர், குடகு, மூன்று நாள் பயணம், தலைக்கு 6,500 ரூபாய், மொத்தம் 84 பிள்ளைகள். தை மாதம் கிளம்ப வேண்டியது. எட்டு நாள் இருக்கும்போது ஹாஸ்டல் பிள்ளைகளுக்குப் பொன்னுக்கு வீங்கி பரவ ஆரம்பித்தது, பள்ளி பயணத்தை நிறுத்திவிட்டது. அதுவரை யாருக்கும் குறையில்லை. இரண்டு வாரம் கழித்து ஒரு சர்க்குலர் வந்தது: கேன்சலேஷன் சார்ஜ் 40 சதவீதம் போக மீதி தரப்படும். அதாவது ஒவ்வொரு வீட்டுக்கும் 2,600 ரூபாய் போச்சு. கடைசியில் எங்களிடம் பிடித்தம் செய்தது 500 ரூபாய்தான். 2,600 எப்படி 500 ஆனது என்பதுதான் இந்தக் கட்டுரையின் பாதி விஷயம்.

ரத்து வேறு, பணம் வேறு

இந்த இரண்டையும் போட்டுக் குழப்பாதீர்கள். பல பெற்றோர் "ஏன் ரத்து செய்தீர்கள், மற்ற பள்ளியெல்லாம் போகிறதே" என்று ஆரம்பிக்கிறார்கள், பேச்சு அங்கேயே நின்றுவிடுகிறது. 2024 ஜனவரி 18 அன்று வடோதராவின் ஹர்ணி ஏரியில் படகு கவிழ்ந்து, சுற்றுலா வந்த 12 மாணவர்களும் 2 ஆசிரியர்களும் இறந்துபோனார்கள். மழை, புயல், தொற்று, மலைப்பாதையில் மண்சரிவு என்று பயந்து ஒரு தலைமையாசிரியர் பயணத்தை நிறுத்தினால் அவர் செய்தது சரி என்றே நான் சொல்வேன். அதை முதல் வரியிலேயே ஒத்துக்கொள்ளுங்கள். அப்புறம் நம் கேள்வி ஒன்றே ஒன்றுதான்: நடக்காத பயணத்துக்கு உண்மையில் எவ்வளவு செலவானது?

"பணத்தைக் கொடுங்கள்" என்று கேட்டால் "பாலிசிப்படி அவ்வளவுதான் தர முடியும்" என்ற பதில் வரும். "கணக்கைக் காட்டுங்கள்" என்று கேட்டால் அந்தப் பதில் போதாது. கேட்க வேண்டியது கணக்குதான்.

முதல் நாளே செய்ய வேண்டியது

வாட்ஸ்அப்பில் டூர் குரூப் என்று ஒன்று ஆரம்பித்திருப்பார்கள். ரத்தானதும் அதைக் கலைத்துவிடுவார்கள், அல்லது அட்மின் மட்டும் பதிவு போடும்படி மாற்றிவிடுவார்கள். அதற்கு முன்னால் அந்த உரையாடல் முழுவதையும் எக்ஸ்போர்ட் செய்து உங்கள் மின்னஞ்சலுக்கு அனுப்பி வைத்துவிடுங்கள். பயணத் திட்டம், கடைசித் தேதி, "இன்னும் யார் யார் கட்டவில்லை" என்ற பட்டியல், எல்லாமே பிறகு சாட்சி.

அப்புறம் காகிதங்கள். முதல் சர்க்குலர், நீங்கள் கையெழுத்துப் போட்ட சம்மதக் கடிதம், ரசீது, ரத்து அறிவிப்பு. சம்மதக் கடிதத்தைப் பொறுமையாகப் படியுங்கள், ஏனென்றால் போடும்போது யாரும் படித்திருக்க மாட்டோம். "எக்காரணம் கொண்டும் பணம் திருப்பித் தரப்படாது" என்று ஒரு வரி இருந்தால் பயப்பட வேண்டாம். அது பெரும்பாலும் பிள்ளையை நாமே நிறுத்திக்கொண்டால் என்ற பொருளில் போட்ட வரி. பள்ளியே பயணத்தை நிறுத்தும்போது அதைக் காட்டி மொத்தத்தையும் வைத்துக்கொள்வது எளிதல்ல. இந்திய ஒப்பந்தச் சட்டம் 1872இன் 65ஆவது பிரிவு சொல்வது இது: ஒப்பந்தம் செல்லாமல் போனால், அதன் கீழ் ஆதாயம் பெற்றவர் அதைத் திருப்பிக் கொடுக்க வேண்டும், அல்லது அதற்கு ஈடு செய்ய வேண்டும். அதே சட்டத்தின் 74ஆவது பிரிவுப்படி, ஒப்பந்தத்தை மீறியவரிடம்கூட எழுதி வைத்த அபராதத் தொகையை அப்படியே வசூலிக்க முடியாது, அந்தத் தொகைக்குள் நியாயமான இழப்பீடு மட்டுமே கேட்கலாம். நம் விஷயத்தில் நாம் எதையும் மீறவே இல்லை.

மூன்றாவது, ஆனால் இதுதான் மிக முக்கியம்: பணம் யார் பெயருக்குப் போயிருக்கிறது என்று பாருங்கள். ஜிபே, போன்பே எதில் அனுப்பியிருந்தாலும் பெறுபவர் பெயர் இருக்கும். பள்ளியின் அறக்கட்டளைக் கணக்கா, வகுப்பாசிரியரின் சொந்த எண்ணா, டிராவல்ஸ் கணக்கா? நீங்கள் எந்தக் கதவைத் தட்ட வேண்டும் என்பதை இந்த ஒரு பெயர்தான் முடிவு செய்யும்.

ரொக்கமாகக் கொடுத்து ரசீது வாங்காதவர்கள் நிறையப் பேர் இருப்பார்கள். எங்கள் குழுவில் ஒரு அம்மா பனியன் கம்பெனியில் வேலை செய்கிறார், மூன்று தவணையாக, பிள்ளை கையிலேயே கொடுத்து அனுப்பியிருக்கிறார், ஒரு துண்டுச் சீட்டுகூட இல்லை. அவரை ஆசிரியருக்கு ஒரு செய்தி அனுப்பச் சொன்னோம்: "வணக்கம் மேடம், டூருக்காக மூன்று தடவையாக மொத்தம் 6,500 ரூபாய் கொடுத்தோம், உங்கள் பட்டியலில் இருக்கிறதா என்று பார்த்துச் சொல்லுங்கள்." ஆசிரியர் நோட்டைப் பார்த்து "ஆமாம், முழுத் தொகையும் வந்துவிட்டது" என்று பதில் போட்டார். அந்த ஒரு வரியே ரசீது. சண்டை சூடாவதற்கு முன் கேட்க வேண்டும் என்பதுதான் இதில் கவனிக்க வேண்டியது.

சுற்றுலாச் செலவு எப்படி நடக்கிறது

இதைத் தெரிந்துகொள்ளாமல் தலைமையாசிரியர் அறைக்குள் போகாதீர்கள். ஒரு பள்ளிச் சுற்றுலாவில் பெரும்பாலான செலவு சக்கரம் சுழல ஆரம்பித்த பிறகுதான் வரும். டீசல், சுங்கச் சாவடி, டிரைவர் பேட்டா, மூன்று நாள் சாப்பாடு, மைசூர் அரண்மனை, உயிரியல் பூங்கா நுழைவுச் சீட்டு, இதெல்லாம் பஸ் கிளம்பாவிட்டால் ஒரு ரூபாய்கூடச் செலவாகாது. மாநில எல்லை தாண்டும் வரி, பர்மிட் செலவும் பெரும்பாலும் கிளம்புவதற்கு ஓரிரு நாள் முன்புதான்.

முன்கூட்டியே கையை விட்டுப் போவது இரண்டுதான்: பஸ் அட்வான்ஸ், தங்குமிட அட்வான்ஸ். ரயிலிலோ விமானத்திலோ போவதாக இருந்தால் டிக்கெட். சில பள்ளிகளில் டி-ஷர்ட், தொப்பி, அடையாள அட்டை அச்சடித்திருப்பார்கள், அதைப் பிள்ளைக்குக் கொடுத்துவிட்டால் அந்தச் செலவை ஏற்றுக்கொள்வதுதான் நியாயம்.

இப்போது எங்கள் கணக்கு. மொத்த வசூல் 84 பேர், தலைக்கு 6,500, ஆக 5,46,000 ரூபாய். 40 சதவீதம் பிடித்தால் 2,18,400 ரூபாய் பிடித்ததாக ஆகிறது. கணக்குக் கேட்டபோது வெளியே வந்தது: இரண்டு பஸ்ஸுக்குத் தலா 20,000 வீதம் 40,000 அட்வான்ஸ், விடுதிக்கு 50,000 அட்வான்ஸ். மொத்தமே 90,000. அதை முழுக்க இழந்திருந்தாலும் ஒரு பிள்ளைக்கு 1,071 ரூபாய்தான் வரும். மீதி எதற்கு? பள்ளியில் யாரும் அதைத் தின்றுவிட நினைத்தார்கள் என்று நான் சொல்லவில்லை. டிராவல்ஸ்காரர் 40 சதவீதம் என்று சொல்லியிருக்கிறார், அலுவலகத்தில் அதை அப்படியே சர்க்குலர் அடித்துவிட்டார்கள், யாரும் திருப்பிக் கேட்கவில்லை. பெரும்பாலான பள்ளிகளில் நடப்பது இதுதான் என்று நினைக்கிறேன்.

அடுத்த கேள்வி, அட்வான்ஸை உண்மையிலேயே இழந்தார்களா? எங்கள் பயணத் தேதி தை முகூர்த்த நாளில் விழுந்திருந்தது. ரத்தான இரண்டு பஸ்ஸில் ஒன்று அதே நாளில் ஒரு கல்யாண வீட்டுக்குப் போயிருக்கிறது, எங்கள் குழுவில் ஒருவரின் உறவினர் வீட்டுக் கல்யாணமே அது. அந்த பஸ்ஸுக்கு உரிமையாளருக்கு நஷ்டமே இல்லை, அதற்கான 20,000த்தை அவர் திருப்பித் தந்துவிட்டார். விடுதியில் எட்டு நாள் முன்பே சொல்லிவிட்டதால் 22,000 மட்டும் பிடித்துக்கொண்டார்கள். ஆக உண்மையான நஷ்டம் 42,000. 84 பேருக்குப் பிரித்தால் சரியாக 500.

ஆகவே பள்ளியிடம் நீங்கள் கேட்க வேண்டிய காகிதங்கள்: டிராவல்ஸ் கொடுத்த கொட்டேஷன், அட்வான்ஸ் கட்டிய வங்கிப் பதிவு, ரத்து என்று டிராவல்ஸுக்குத் தகவல் சொன்ன தேதி, அவர்கள் திருப்பித் தந்த தொகை. தகவல் சொன்ன தேதியை விட்டுவிடாதீர்கள். பள்ளி எட்டு நாள் முன்பு முடிவெடுத்துவிட்டு மூன்று நாள் கழித்து டிராவல்ஸுக்குச் சொல்லியிருந்தால், அந்தத் தாமதத்தால் வந்த பிடித்தத்தைப் பெற்றோர் தலையில் வைக்கக் கூடாது.

தனியாகப் போகாதீர்கள்

"எதுக்கு வம்பு, நாளைக்குப் பிள்ளை மார்க்கில் கை வைத்துவிட்டால்?" இந்தப் பயம் எல்லா வீட்டிலும் இருக்கிறது. பேசாமல் விட்டுவிடுபவர்களில் பாதிப் பேர் பணம் பெரிதில்லை என்று விடுவதில்லை, இந்தப் பயத்தில்தான் விடுகிறார்கள். அவர்களைக் கோழை என்று பேசாதீர்கள், அவர்களுக்கும் சேர்த்து வழி செய்யுங்கள்.

நாங்கள் செய்தது: பள்ளி குரூப்பில் ஒரு வார்த்தை பேசவில்லை, தனியாக ஒரு குழு ஆரம்பித்தோம், ஆசிரியர்கள் இல்லாமல். 31 பேர் சேர்ந்தார்கள். கடிதத்தில் எல்லாப் பெயரையும் அகர வரிசையில் எழுதினோம், அதனால் முதல் பெயர்தான் தலைவர் என்று யாரையும் குறிவைக்க முடியாது. நேரில் பேச மூன்று பேர் மட்டும் போனோம், அதில் ஒருவர் பெற்றோர் ஆசிரியர் கழகத்தில் இருப்பவர். கையெழுத்துப் போடாத பெற்றோருக்கும் சேர்த்துத்தான் கேட்டோம். வகுப்பாசிரியரை இதில் இழுக்கவே இல்லை, அவர் கையில் எந்த முடிவும் கிடையாது, பாவம் அவரும் பிள்ளைகளோடு போக ஆசையாகத்தான் இருந்தார். பிள்ளைகளிடமும் சொல்லிவிடுங்கள், இது பெரியவர்கள் பேசித் தீர்க்கும் விஷயம், வகுப்பில் இதைப் பற்றிப் பேச வேண்டாம் என்று.

கடிதம்

வாய்ப்பேச்சில் கேட்டது கேட்காததற்குச் சமம். கடிதம் சின்னதாக இருக்கட்டும், கோபம் வேண்டாம். இந்த அளவு போதும்:

"மதிப்பிற்குரிய முதல்வர் அவர்களுக்கு, வணக்கம். இந்தத் தேதியில் செல்லவிருந்த மைசூர், குடகு கல்விச் சுற்றுலா மாணவர்களின் உடல்நலம் கருதி ரத்து செய்யப்பட்டதை அறிவோம். அந்த முடிவை நாங்கள் ஏற்கிறோம். ஒவ்வொரு மாணவருக்கும் 6,500 ரூபாய் செலுத்தியுள்ளோம். 40 சதவீதம் பிடித்தம் செய்யப்படும் என்ற அறிவிப்பின் அடிப்படை எங்களுக்குத் தெரியவில்லை. எனவே போக்குவரத்துக்கும் தங்குமிடத்துக்கும் செலுத்திய முன்பணம், திரும்பக் கிடைத்த தொகை, உண்மையில் திரும்பாத தொகை ஆகியவற்றின் விவரத்தை ரசீது நகல்களுடன் தர வேண்டுகிறோம். திரும்பாத தொகையை மட்டும் சமமாகப் பிரித்துக் கழித்துக்கொண்டு, மீதியை 15 நாட்களுக்குள் வழங்கக் கேட்டுக்கொள்கிறோம்."

இரண்டு பிரதி எடுத்துப் போங்கள். ஒன்றை அலுவலகத்தில் கொடுத்து, மற்றொன்றில் முத்திரையும் தேதியும் வாங்கிக்கொள்ளுங்கள். முத்திரை போட மறுத்தால் வாதம் செய்யாமல் வெளியே வந்து தபாலில் அனுப்பிவிடுங்கள். 2025 செப்டம்பர் 1 முதல் பதிவுத் தபால் சேவை ஸ்பீட் போஸ்டோடு இணைந்துவிட்டது, அதனால் ஸ்பீட் போஸ்டில் அனுப்பி, கவுண்டரில் தந்த சீட்டையும், சேர்ந்ததைக் காட்டும் இணையப் பக்கத்தையும் பத்திரப்படுத்துங்கள். கூடவே பள்ளியின் அதிகாரப்பூர்வ மின்னஞ்சலுக்கும் ஒன்று. முதல்வருக்கு மட்டுமல்லாமல் தாளாளருக்கும் அனுப்புங்கள், பண விஷயத்தில் கடைசி வார்த்தை பெரும்பாலும் அவருடையதுதான்.

பேச்சில் என்னென்ன சொல்வார்கள்

"அடுத்த வருடம் கூட்டிப் போகிறோம், பணம் அப்படியே இருக்கட்டும்." பிள்ளை அடுத்த வருடமும் அங்கேயே படிக்கப் போகிறது, உங்களுக்கும் சம்மதம் என்றால் சரி. ஆனால் அதைத் தேர்ந்தெடுப்பது நீங்களாக இருக்க வேண்டும். பத்தாம் வகுப்பு, பன்னிரண்டாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு இது பொருந்தவே பொருந்தாது.

"அடுத்த டெர்ம் ஃபீஸில் கழித்துக்கொள்கிறோம்." இது பல நேரம் நல்ல தீர்வு. கையில் ரொக்கமாக எடுத்துத் தருவது பள்ளிக்குச் சிரமம் என்றால் இதை ஒத்துக்கொள்ளலாம், எழுத்தில் வாங்கிக்கொண்டு. ஃபீஸ் ரசீதில் கழித்த தொகை தனி வரியாக வர வேண்டும், இல்லாவிட்டால் ஆறு மாதம் கழித்து பாக்கி என்று வந்து நிற்கும்.

"டிராவல்ஸ்காரர் தரவில்லை, நாங்கள் என்ன செய்வது?" நீங்கள் பணம் கொடுத்தது பள்ளியிடம் என்றால், டிராவல்ஸிடம் வாங்குவது பள்ளியின் வேலை. இதைக் கோபமில்லாமல் சொல்லுங்கள், "சார், அவரிடம் ஒப்பந்தம் போட்டது நீங்கள்தான், கேட்கும் உரிமையும் உங்களுக்குத்தான் இருக்கிறது, வேண்டுமானால் எங்கள் கடிதத்தையும் அவருக்கு அனுப்பிக் காட்டுங்கள்." எங்களுக்கு இது உண்மையிலேயே வேலை செய்தது.

ரயில் டிக்கெட் பற்றிய பேச்சு வந்தால் இதை நினைவில் வையுங்கள்: ரயில்வேயே ரயிலை ரத்து செய்திருந்தால் முழுக் கட்டணமும் திரும்ப வரும், இணையத்தில் எடுத்த டிக்கெட்டுக்கு அது தானாகவே கணக்கில் ஏறிவிடும். பள்ளி ரத்து செய்திருந்தாலும் பல நாள் முன்பே ரத்து செய்த டிக்கெட்டுக்குப் பிடித்தம் குறைவுதான், கடைசி நேரத்தில்தான் ஏறும். விமானத்தில் "நான்-ரீஃபண்டபிள்" டிக்கெட்டாக இருந்தாலும் அதில் அடங்கிய வரிகளும் விமான நிலையக் கட்டணங்களும் திரும்ப வர வேண்டும் என்பது விமானப் போக்குவரத்து இயக்ககத்தின் விதி.

பேச்சு முறிந்தால்

15 நாள் போய்விட்டது, பதிலே இல்லை அல்லது "முடியாது" என்ற பதில். இங்கேதான் யார் பெயருக்குப் பணம் போனது என்ற கேள்வி திரும்ப வருகிறது.

டிராவல்ஸ் கணக்குக்கு நேரடியாக அனுப்பியிருந்தால் வழி எளிது. நீங்கள் அந்த நிறுவனத்தின் நுகர்வோர். தேசிய நுகர்வோர் உதவி எண் 1915ஐ அழைத்துப் புகார் பதிவு செய்யுங்கள், தமிழிலேயே பேசலாம். அது நீதிமன்றம் அல்ல, புகாரை நிறுவனத்துக்கு அனுப்பிப் பதில் கேட்பார்கள், பல சின்னத் தகராறுகள் அந்த அளவிலேயே முடிந்துவிடும். நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019இன்படி, குறைபாடான சேவைக்கு வாங்கிய பணத்தை ரசீதில் சொன்ன நாளுக்குள், அப்படி நாள் சொல்லாவிட்டால் 30 நாளுக்குள் திருப்பித் தர மறுப்பது முறையற்ற வணிக நடைமுறை. இந்த வரியைக் கடிதத்தில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

அதிலும் தீரவில்லை என்றால் மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையம். நீங்கள் வசிக்கும் மாவட்டத்திலேயே தாக்கல் செய்யலாம், டிராவல்ஸ் அலுவலகம் வேறு ஊரில் இருந்தாலும். செலுத்திய தொகை 5 லட்சம் வரை இருந்தால் கட்டணமே கிடையாது, வழக்கறிஞர் கட்டாயமில்லை, இ-ஜாக்ரிதி தளத்தில் இணையம் வழியாகவே மனு போடலாம். பிரச்சினை எழுந்து இரண்டு வருடத்துக்குள் போட வேண்டும். ஒரே குறை உள்ள பலர் ஆணையத்தின் அனுமதியோடு சேர்ந்து ஒரே மனுவாகவும் போடலாம். கிரெடிட் கார்டில் கட்டியிருந்தால் வங்கியிடமும் உடனே டிஸ்பியூட் எழுப்புங்கள், அதற்கு நாள் கெடு உண்டு.

பணம் பள்ளிக்கே போயிருந்தால் ஒரு விஷயத்தைத் தெளிவாகத் தெரிந்துகொள்ளுங்கள். "நுகர்வோர் கோர்ட்டில் போட்டுவிடுவேன்" என்று எல்லோரும் சொல்வார்கள். ஆனால் 2020 ஜனவரி 20 அன்று மனு சோலங்கி வழக்கில் தேசிய நுகர்வோர் ஆணையம், கல்வி நிறுவனங்கள் நுகர்வோர் சட்டத்துக்குள் வராது என்று தீர்ப்புச் சொல்லியது, அதில் சுற்றுலா, பிக்னிக், நீச்சல், விளையாட்டு போன்றவற்றையும் பெயர் சொல்லியே சேர்த்திருக்கிறது. கோச்சிங் சென்டர்கள் மட்டும் அந்தச் சட்டத்துக்குள் வரும் என்றது. அந்தத் தீர்ப்பை எதிர்த்த மேல்முறையீட்டை உச்ச நீதிமன்றம் அதே 2020இல் விசாரணைக்கு ஏற்றது. பழைய 1986 சட்டத்தின் கீழ் வந்த தீர்ப்புதான் என்றாலும், பள்ளியின் வழக்கறிஞர் முதல் நாளே எடுத்து வைப்பது இதைத்தான். பள்ளிக்கு எதிராக நுகர்வோர் ஆணையத்தை மட்டும் நம்பி ஒரு வருடத்தை வீணாக்கிவிடாதீர்கள். டிராவல்ஸையும் எதிர்த்தரப்பாகச் சேர்க்க முடியுமா என்று ஒரு வழக்கறிஞரிடம் கேட்டுவிட்டுப் போடுங்கள்.

பள்ளி விஷயத்தில் நான் முதலில் போகச் சொல்லும் இடம் கல்வித்துறை. மாநிலப் பாடத்திட்டப் பள்ளி என்றால் மாவட்டக் கல்வி அலுவலர் (தனியார் பள்ளிகள்) அலுவலகத்தில் மனு, நகல் முதன்மைக் கல்வி அலுவலருக்கு. சிபிஎஸ்இ பள்ளி என்றால் அந்த வாரியத்தின் சென்னை மண்டல அலுவலகத்துக்கும் எழுதுங்கள். திங்கட்கிழமை ஆட்சியர் அலுவலகத்தில் நடக்கும் மக்கள் குறைதீர்க்கும் நாளில் அதே மனுவைக் கொடுத்தால் எண் போட்டுத் தருவார்கள், அந்த எண் இருந்தால் பிறகு கேட்க முடியும். 1100 என்ற முதலமைச்சரின் உதவி மையத்திலும் பதியலாம். மனுவில் பள்ளியைத் திட்டி எழுதாமல், தேதி, தொகை, கேட்ட கணக்கு, வராத பதில், இந்த நாலு மட்டும் இருக்கட்டும்.

மனுவுக்கு அசைவே இல்லை என்றால் தகவல் உரிமைச் சட்டம். தனியார் பள்ளியிடம் நேரடியாகக் கேட்க முடியாவிட்டாலும், கல்வி அலுவலகத்திடம் கேட்கலாம்: இந்தச் சுற்றுலாவுக்கு அனுமதி கேட்டு வந்த விண்ணப்பத்தின் நகல், என் மனு மீது எடுத்த நடவடிக்கை. கட்டணம் 10 ரூபாய், 30 நாளில் பதில் தர வேண்டும். அந்தக் கேள்வி போய்ச் சேர்ந்தாலே கோப்பு நகர ஆரம்பிக்கும்.

இன்னொரு இடம் பலருக்குத் தெரியாது, எனக்கு மிகவும் பிடித்த வழியும் இதுதான்: மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழு, தாலுகாவில் வட்டச் சட்டப்பணிகள் குழு. நீதிமன்ற வளாகத்திலேயே இருக்கும். வழக்குப் போடும் முன்பே சமரசத்துக்காக அங்கே மனு கொடுக்கலாம், கட்டணம் இல்லை. அவர்கள் பள்ளிக்கு நோட்டீஸ் அனுப்பி இரண்டு தரப்பையும் உட்கார வைத்துப் பேசுவார்கள். ஒத்துவந்தால் லோக் அதாலத்தில், அதாவது மக்கள் நீதிமன்றத்தில், பதிவாகும், அது சிவில் நீதிமன்றத் தீர்ப்புக்குச் சமம், மேல்முறையீடு கிடையாது. இரண்டு பேரும் ஒத்துக்கொண்டால்தான் நடக்கும் என்பது உண்மைதான், ஆனால் கேட்பது நியாயமான தொகையாக, கணக்கோடு இருந்தால் ஒத்துவராத பள்ளி குறைவு. விவரம் கேட்க 15100. எதுவுமே ஆகாவிட்டால் சிவில் வழக்கு இருக்கிறது, மூன்று வருடக் கெடு, ஆனால் தலைக்கு 2,000 ரூபாய்க்காக அங்கே போவதைவிட எல்லோரும் சேர்ந்து லோக் அதாலத்தில் முடிப்பது எவ்வளவோ மேல்.

போலீஸ் எப்போது? டிராவல்ஸ்காரர் போனை அணைத்துவிட்டார், அலுவலகம் பூட்டியிருக்கிறது, பஸ் புக் செய்யவே இல்லை என்று தெரிகிறது, அப்போது. அது ஏமாற்று. காவல் நிலையத்தில் புகார் கொடுத்து, அதைப் பெற்றுக்கொண்டதற்கான சிஎஸ்ஆர் ரசீது வாங்குங்கள், பள்ளியையும் புகார் கொடுக்கச் சொல்லுங்கள். பிடித்தம் அதிகம் என்ற தகராறுக்குப் போலீஸ் ஸ்டேஷன் போகாதீர்கள், "இது சிவில் மேட்டர்" என்று அனுப்பிவிடுவார்கள், நம் பக்கமும் பலவீனமாகத் தெரியும்.

நாமே பிள்ளையை நிறுத்தியிருந்தால்

பயணம் நடந்தது, நம் பிள்ளைக்குக் காய்ச்சல், போகவில்லை. இது வேறு கணக்கு. பஸ் வாடகையும் அறை வாடகையும் நம் பிள்ளை இல்லாவிட்டாலும் ஆனதுதான், அதைக் கேட்பது சரியல்ல. சாப்பாடு, நுழைவுச் சீட்டு ஆகியவற்றின் பங்கை மருத்துவர் சீட்டை வைத்துக் கேளுங்கள். பல பள்ளிகள் தருகின்றன.

பணம் வரும்போது

வவுச்சரில் கையெழுத்துக் கேட்பார்கள். போடும் முன் படியுங்கள். பாதித் தொகைதான் தருகிறார்கள், ஆனால் வவுச்சரில் "முழுமையாகப் பெற்றுக்கொண்டேன், வேறு கோரிக்கை ஏதுமில்லை" என்று இருந்தால், அதை அடித்துவிட்டு "பகுதித் தொகையாக இவ்வளவு பெற்றுக்கொண்டேன்" என்று எழுதிக் கையெழுத்துப் போடுங்கள், ஒரு போட்டோவும் எடுத்துக்கொள்ளுங்கள். முடிந்தவரை வங்கிக் கணக்கில் வாங்குங்கள். பிள்ளை கையில் கவரில் கொடுத்து அனுப்ப வேண்டாம் என்று முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். ரொக்கமாகக் கட்டிய அந்த பனியன் கம்பெனி அம்மாவுக்கு லீவு போட்டால் அன்றைய கூலி போய்விடும், அதனால் அவர் சார்பில் யாராவது வாங்கலாமா என்று கேட்டோம், அவர் எழுதிக் கொடுத்த ஒரு அதிகாரக் கடிதம் போதும் என்றார்கள். அவருடைய 6,000 ரூபாய் அன்று சாயங்காலமே அவர் வீட்டுக்குப் போய்விட்டது.

அடுத்த சுற்றுலாவுக்குச் சம்மதக் கடிதம் வரும்போது, கையெழுத்துக்கு மேலே இந்த வரியை நீங்களே பேனாவால் எழுதிவிடுங்கள்: "பயணம் ரத்தானால், திரும்பப் பெற முடியாத முன்பணத்தின் எங்கள் பங்கை மட்டும் ரசீதுடன் கழித்துக்கொண்டு மீதியை 30 நாளில் தர வேண்டும்." இந்த வருடம் எங்கள் குழுவில் 31 பேரும் எழுதிக் கொடுத்தோம், அலுவலகத்தில் மறுப்பேதும் சொல்லாமல் வாங்கிக்கொண்டார்கள்.